87 சில்வியா: சென்னையில் கண்டறியப்பட்ட சிறுகோளும் அதன் பெயர்க்காரணமும்

முன்னுரை

செவ்வாய், வியாழன் ஆகிய கோள்களின் பாதைகளுக்கு இடையே கதிரவனைச் சுற்றிவரும் சிறுகோள்கள் பலவற்றுக்கு வரிசை எண்ணுடன் பெயரும் உண்டு. பெயர் சூட்டியவரின் கருத்துப் பிற்கால நூலில் மாறிப் பதிவானால் உண்மையை எவ்வாறு தெளிவது என்பதற்கு 87 சில்வியா தக்க சான்றாகும்.

கண்டுபிடிப்பு

சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய வானாய்வகத்தின் பொறுப்பை 1861இல் ஏற்றவர் நார்மன் போக்சன். அங்கிருந்து அவர் கண்டறிந்த சிறுகோள்கள் ஐந்து. அவற்றுள் மூன்றாவது சில்வியா. கண்டறியப்பட்ட நாள் 1866 மே 16. வானியலில் ஒளிப்படக்கலை பரவாத அக்காலத்தில், விண்மீன் வரைபடத்தை வானத்துடன் ஒப்பிட்டு, இடம்பெயரும் ஒளிப்புள்ளியைக் கண்ணாலேயே இனங்காண வேண்டியிருந்தது.

சுற்றுப்பாதை

கதிரவனிடமிருந்து சில்வியாவின் சராசரித் தொலைவு ஏறத்தாழ 3.48 வானியல் அலகு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி இத்தொலைவுக்குரிய சுற்றுக்காலம் சுமார் 6.5 ஆண்டுகள். எனவே இது சிறுகோள் பட்டையின் வெளிவிளிம்பைச் சார்ந்தது.

பெயர்க்காரணம்

பால் ஹெர்கெட் 1955இல் வெளியிட்ட சிறுகோள் பெயர் நூல், இப்பெயர் பிரெஞ்சு வானியலாளர் கமில் பிளமாரியோனின் முதல் மனைவி சில்வியைக் குறிப்பதாகக் கூறுகிறது. இக்கூற்று இரு காரணங்களால் ஏற்கத்தக்கதன்று. முதலாவதாக, அவர்களது திருமணம் நிகழ்ந்தது 1874இல். பெயர் சூட்டப்பட்டதோ அதற்கும் எட்டாண்டுகள் முன்னர். இரண்டாவதாக, உரோமானியத் தொன்மத்தில் ரோமுலசு, ரீமசு என்னும் இரட்டையரின் தாயான ரியா சில்வியாவையே கருதியதாகப் போக்சன் தம் கண்டுபிடிப்பு அறிவிப்பிலேயே விளக்கியுள்ளார். முன்னது ஐயத்தை எழுப்புகிறது. பின்னது அதற்கு முடிவு கூறுகிறது.

துணைக்கோள்கள்

சில்வியாவைச் சுற்றும் துணைக்கோள் ஒன்று 2001இல் கண்டறியப்பட்டது. 2004இல் எடுக்கப்பட்ட படங்களில் தென்பட்ட மற்றொன்று 2005இல் அறிவிக்கப்பட்டது. இரு துணைக்கோள்களைக் கொண்டதென அறியப்பட்ட முதற் சிறுகோள் இதுவே. அவற்றுக்கு ரோமுலசு, ரீமசு எனப் பெயரிடப்பட்டன. அவற்றின் சுற்றியக்கத்திலிருந்து சில்வியாவின் நிறையும், அதன்வழி அடர்த்தியும் கணிக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டு ஆய்வின்படி அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.2 கிராம். பாறைக்கு இது மிகக் குறைவு. ஆகவே சில்வியா இடைவெளிகள் மிகுந்த கற்குவியல் எனக் கருதப்படுகிறது.

முடிவுரை

துணைக்கோள்களின் பெயர்கள் போக்சனின் கருத்தையே தொடர்கின்றன. ஆயினும் 2005இல் இடப்பட்ட பெயர்கள் 1866ஆம் ஆண்டுக் கருத்துக்குச் சான்றாகா; பெயரிட்டவரின் முதல் அறிவிப்பே சான்று. தொகுப்பு நூல்களை மேற்கோளாகக் கொள்வோர் மூலத்தையும் காலத்தையும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.