ரவுட்டரில் தரும் பிராசஸ் எண் எதற்கு?

நெட்வொர்க்கிங் படிக்கத் தொடங்கியவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. பாக்கெட் டிரேசர் புரோகிராமில் இரண்டு சிஸ்கோ ரவுட்டர்களை இணைக்கிறீர்கள். ஒன்றில் "ரவுட்டர் ஓ.எஸ்.பி.எப். 1" என்றும், மற்றொன்றில் "ரவுட்டர் ஓ.எஸ்.பி.எப். 10" என்றும் கட்டளை தருகிறீர்கள். இரண்டும் பேசிக் கொள்ளவில்லை. எண்கள் வேறுபடுவதுதான் காரணம் என்று நினைத்து மாற்றிப் பார்க்கிறீர்கள். பலன் இல்லை. ஏனெனில் தவறு அந்த எண்ணில் இல்லை.

ஓ.எஸ்.பி.எப். என்பது லிங்க் ஸ்டேட் வகை. வீட்டு பிராட்பேண்ட் ரவுட்டரில் பொதுவாக இதற்கு வேலையில்லை. பெரிய நிறுவன நெட்வொர்க்குகளில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு ரவுட்டரும் தன்னுடன் இணைந்த லிங்க்குகளை மற்றவற்றுக்கு அறிவிக்கும். அப்படிக் கிடைத்த வரைபடத்தில், டைக்ஸ்ட்ரா 1959ல் வெளியிட்ட முறைப்படி, செலவு குறைந்த பாதையை ஒவ்வொன்றும் தானே கணக்கிட்டுக் கொள்ளும்.

இப்போது உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பகுதியில் பி.ஐ.டி. என்ற எண் வரிசை தெரியும். உங்கள் பிரவுசருக்கு ஓர் எண் இருக்கும். நண்பர் கம்ப்யூட்டரில் அதே பிரவுசருக்கு வேறு எண் இருக்கும். அதனால் மெயில் போகாமல் இருக்கிறதா என்ன?

ரவுட்டரிலும் கதை இதுதான். 1 முதல் 65535 வரை எதையும் தரலாம். ஒரே ரவுட்டரில் இரண்டு ஓ.எஸ்.பி.எப். பிராசஸ்களை இயக்கினால் அவற்றைப் பிரித்தறிய மட்டுமே இந்த எண். பக்கத்து ரவுட்டருக்கு அனுப்பும் ஹலோ பாக்கெட்டில் இது இடம்பெறுவதே இல்லை. பிறகு எப்படி அது பொருத்தம் பார்க்கும்?

அந்தப் பாக்கெட்டில் போவது ஏரியா எண், சப்நெட் மாஸ்க், ஹலோ நேரம், டெட் நேரம் போன்றவை. ஈதர்நெட்டில் இந்த நேரங்கள் வழக்கமாக 10, 40 விநாடிகள். இவைதான் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். குழப்பத்தைக் கிளப்புவது இ.ஐ.ஜி.ஆர்.பி. என்ற வேறொரு முறை. அதன் கட்டளையும் பார்க்க இதே மாதிரி இருக்கும். ஆனால் அதில் தரும் எண் இரு பக்கமும் கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும்.

பயிற்சியில் எண்ணை மாற்றினால் நஷ்டமில்லை. வேலைக்குப் போன இடத்தில் மாற்றிவிடாதீர்கள்! பழைய பிராசஸை நீக்கிவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். அதுவரை அந்த வழியாகக் கற்ற பாதைகள் எல்லாம் மறைந்துவிடும். முதலில் "ஷோ ஐ.பி. ஓ.எஸ்.பி.எப். இன்டர்பேஸ்" கட்டளையை இரண்டு ரவுட்டர்களிலும் கொடுத்து, ஏரியாவையும் நேரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.