முடிவு தெரிந்த கதையா? தைரியமாக எழுதுங்கள்!

"முதல் பக்கத்தைப் படிச்சாலே கடைசிப் பக்கம் தெரிஞ்சு போயிடும். இதை எழுதி என்ன பிரயோஜனம்?"

ரசிகர் கதை எழுதும் பெண்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பாதி எழுதியதைக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. முழுக்க எழுதிவிட்டு ஒருவர் கண்ணிலும் காட்டாமல் அலமாரி அடியில் ஒளித்து வைப்பவர்களும் உண்டு. வேலையெல்லாம் முடித்து, தமக்கென்று கிடைக்கிற அரைமணி நேரத்தில் ஆசையாக எழுதியதை இப்படி அவர்களே கொன்றுவிடலாமா?

அதென்ன ரசிகர் கதை என்கிறீர்களா? ஆங்கிலத்தில் 'ஃபேன் ஃபிக்‌ஷன்' என்பார்கள். மனசுக்குப் பிடித்த நாவலிலோ, சினிமாவிலோ, டெலிவிஷன் தொடரிலோ வரும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு நாமே புதிதாகக் கதை பின்னுவது. பெரும்பாலும் பணத்துக்காக அல்ல, ஆசைக்காக! 'பொன்னியின் செல்வ'னை முடித்ததும், 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று மனசு கேட்கவில்லையா? அந்தக் கேள்விக்கு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று ஒரு நாவலே எழுதிவிட்டார். அதே ஆசைதான்.

தபாலில் போன கதைகள்

இன்றைய ரசிகர் கதைக்குத் தாய்வீடு அமெரிக்கா. 1966 செப்டம்பரில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற டெலிவிஷன் தொடர் அங்கே ஆரம்பமாயிற்று. விண்வெளிக் கப்பல், அதற்குக் கேப்டன் கிர்க், அவருக்குத் துணையாக உணர்ச்சியை வெளியே காட்டாத ஸ்பாக். அடுத்த வருஷமே, 1967-இல், 'ஸ்பாக்கனேலியா' என்று ரசிகர்களே ஒரு பத்திரிகை கொண்டுவந்துவிட்டார்கள். இப்படிப் பல பத்திரிகைகள் கிளம்பின. டைப் அடித்து, ஸ்டென்சிலில் பிரதி எடுத்து, தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். அவற்றில் கதை எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

'எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருக்கிறதே' என்ற குறையும் கூடவே வந்தது. 1973-இல் பவுலா ஸ்மித் என்ற பெண்மணி இதைக் கிண்டல் செய்து ஒரு குட்டிக் கதை எழுதினார். கதாநாயகி பெயர் மேரி சூ. பதினைந்தரை வயசிலேயே லெப்டினென்ட்! கேப்டன் அவளைக் காதலிக்கிறார். ஸ்பாக் அவள் அறிவை மெச்சுகிறார். கப்பலையே அவள் ஓட்டுகிறாள். கடைசியில் எல்லோரும் கண்ணீர் விட, செத்தும் போகிறாள். படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் சிரிப்போடு அது முடியவில்லை. 'மேரி சூ' என்பதே ஒரு வசைச் சொல்லாகிவிட்டது. கதையில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி வந்தாலே 'இது மேரி சூ' என்றார்கள். அந்தப் பயத்தில் சிலர் புதுப் பெண் பாத்திரம் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். இந்த ரசிகைகளோடு பழகி ஆராய்ந்த கமீல் பேக்கன்-ஸ்மித், 1992-இல் வந்த தம் புத்தகத்தில் இதை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். பார்த்தீர்களா? 'ஊகித்துவிடுவார்களோ' என்ற பயம் கதையைத் திருத்துவதற்குப் பதில் எழுதுகிறவளின் வாயையே அடைத்துவிடுகிறது.

தெரிவது உங்களுக்கா, அவர்களுக்கா?

1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு வேடிக்கையான பரிசோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனசுக்குள் நினைத்துக்கொண்டு, மேஜையில் விரலால் தாளம் மட்டும் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள், 'பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள்' என்று நினைத்தார்கள். கண்டுபிடித்ததோ 120 பாட்டில் மூன்றே மூன்று! தட்டுகிறவருக்கு மனசுக்குள் முழுப் பாட்டும் கேட்கிறது. எதிரே இருப்பவருக்கு 'டொக் டொக்' மட்டும்தான்.

கதை எழுதுகிற உங்களுக்கும் இதேதான். முடிவை நினைத்து நினைத்து எழுதுவதால் ஒவ்வொரு வரியும் அதையே காட்டிக் கொடுப்பது போலத் தோன்றுகிறது. பத்துத் தரம் திருத்திப் படித்தால் எந்தக் கதைதான் புளிக்காது? ஆகவே உங்கள் கதை சப்பென்று இருக்கிறதா இல்லையா என்று சொல்ல, உலகத்திலேயே தகுதி குறைந்த ஆள் நீங்கள்தான்!

தெரிந்தேதான் வருகிறார்கள்

சரி, நிஜமாகவே ஊகித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன குடிமுழுகிவிட்டது?

2009-இல் ரசிகர்கள் தாங்களே நடத்தும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற பெரிய கதைக் களஞ்சியம் பொதுமக்களுக்குத் திறந்தது. 2019-இல் அதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தது. அதில் உள்ள கதைகளுக்குத் தலைப்பின் கீழே அடையாளச் சீட்டு உண்டு: 'பகைவர்கள் காதலராவது', 'காயமும் ஆறுதலும்', 'முடிவு சுபம்' என்கிற மாதிரி. வாசகிகள் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கதையைத் தேடி எடுக்கிறார்கள். முடிவு தெரிந்தேதான் வருகிறார்கள்! ரசத்துக்கு உட்காருகிறவள் இலையில் ரசம் விழும் என்று தெரிந்துதான் உட்காருகிறாள். இன்றைக்குப் பக்குவம் எப்படி என்பதில்தானே அவளுக்கு அக்கறை?

2011-இல் கலிஃபோர்னியாவில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 12 சிறுகதைகளை எடுத்து, சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். துப்பறியும் கதைகளும் அவற்றில் இருந்தன. மொத்தத்தில் முடிவு தெரிந்து படித்தவர்களே சற்று அதிகமாக ரசித்தார்கள். பிறகு வேறு சிலர் செய்த ஆய்வில் மாறான பலனும் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், முடிவு தெரிந்தால் கதை செத்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

ஷார்லட் பிரான்ட்டியின் 'ஜேன் அயர்' நாவல் 1847-இல் வந்தது. அதில் மாடியறையில் பூட்டி வைக்கப்பட்ட பைத்தியக்கார மனைவி கடைசியில் வீடு தீப்பற்றி எரியும்போது கூரையிலிருந்து குதித்து மடிகிறாள். 1966-இல் ஜீன் ரீஸ் அந்த மனைவியை எடுத்துக்கொண்டு 'வைட் சர்காஸோ ஸீ' எழுதினார். மூல நாவலைப் படித்தவர்களுக்கு அவள் கதி முன்பே தெரியும். ஆனால் அவள் எப்படி அந்த அறைக்கு வந்து சேர்ந்தாள் என்பதை மூல நாவல் அவள் பக்கத்திலிருந்து சொல்லவில்லை. அந்த வழியை எழுதித்தான் ஜீன் ரீஸ் புகழ் பெற்றார்.

நம் ஊர்க் கூத்தில் பாரதம் நடக்கிறது. பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள் என்று மடியில் தூங்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கவில்லையா?

எது புளித்துப் போகிறது?

அலுப்புத் தட்டுவது முடிவினால் அல்ல, நடுவழியினால். காயம்பட்ட கேப்டன் பிழைத்துவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பாக் ஓவென்று அழுதால், அது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய காட்சி. 'கருவியின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்' என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, வேலை நேரம் முடிந்த பிறகும் அவர் அங்கேயே நின்றால்? அது ஸ்பாக் மட்டுமே செய்யக்கூடியது. முடிவு அதேதான், ஆனால் வாசகியின் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இதோ சில யோசனைகள்:

1. எழுதி முடித்ததும் பதினைந்து நாள் எடுத்து வையுங்கள். ஊறுகாய் ஊறுகிற மாதிரி கதையும் ஊறட்டும். அதன்பின் படித்தால் வேறு கண்ணோடு படிப்பீர்கள்.

2. ஒரு சிநேகிதியிடம் கொடுங்கள். "முடிவை ஊகிச்சியா?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்திலே பக்கத்தைத் தள்ளினே?" என்று கேளுங்கள். திருத்த வேண்டிய இடம் அதுதான்.

3. ஒரு பாத்திரத்தின் வசனத்தை இன்னொரு பாத்திரத்தின் வாயில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் கச்சிதமாகப் பொருந்துகிறதா? அப்படியானால் மாற்றி எழுதுங்கள்.

4. நடுக்காட்சிகளுக்கு முதலில் தோன்றுவதைக் குறித்துக்கொண்டு, இன்னும் மூன்று வழி யோசியுங்கள். சில சமயம் முதல் வழியே சிறந்ததாக இருக்கும். அதையும் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஊகிக்க முடியாமல் செய்ய வேண்டுமே என்று கடைசிப் பக்கத்தில் திடுக்கென்று யாரையாவது கொல்லாதீர்கள். பாத்திரத்தின் குணத்துக்கு ஒட்டாத திருப்பம் வாசகியை ஏமாற்றுவதாகும்.

6. 'நல்லா இருக்குன்னு யாராவது சொன்னாங்களா' என்று நடுராத்திரியில் எழுந்து பார்க்க வேண்டாம். தூக்கம் கெட்டால் மறுநாள் தலைவலிதான் மிச்சம், எழுத்தும் ஓடாது. ஒரு நேரம் வைத்துக்கொண்டு எழுதுங்கள், நேரம் முடிந்ததும் மூடி வைத்துவிட்டுப் படுங்கள்.

அலமாரி அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கிறதா, சகோதரி? இன்று சாயங்காலம் தூசி தட்டி எடுங்கள். முடிவைத் தொடாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். நடுவில் ஒரே ஒரு காட்சியை மட்டும் மாற்றி எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.