கேட்பவரின் குறையைக் கேட்பது யார்?

 

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, சமையலை அரைகுறையாக முடித்துவிட்டு, "மருந்தெடுக்கப் போறன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு சகோதரி முச்சக்கர வண்டியில் ஏறுகிறாள். அவள் போவது ஓர் உளவளத்துணை நிலையத்துக்கு. ஆண்டுக்கணக்காக நெஞ்சில் பூட்டி வைத்திருந்த ஒன்றை இன்றுதான் முதன்முறையாக வாய்திறந்து சொல்லப் போகிறாள். அது கணவனின் அடியாக இருக்கலாம். மகனின் போதைப் பழக்கமாக இருக்கலாம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோன பிள்ளையின் நினைவாகவும் இருக்கலாம்.

அவள் முன் அமர்ந்திருக்கும் உளவளத்துணையாளரோ காலையிலிருந்து நான்கு பேரின் கண்ணீரைக் கேட்டு முடித்தவர். அவருக்கு இரண்டு மாதக் கொடுப்பனவு நிலுவையில் இருக்கிறது. நேற்றைய கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு வாங்கியவர் அவர். அவரது கண் அடிக்கடி மணிக்கூட்டின் பக்கம் போகிறது. "பொறுமையா இருங்க, அல்லாஹ் லேசாக்குவான்" என்ற வார்த்தையோடு பேச்சு முடிகிறது. அந்த வார்த்தையில் பிழை ஏதுமில்லை. ஆனால் தன் கதை கேட்கப்படவில்லை என்பதை வந்தவள் உணர்ந்துவிடுகிறாள். நமது சமூகத்தில் ஒரு பெண் இத்தகைய கதவை ஒரு தடவைதான் தட்டுவாள். அது திறக்காவிட்டால் மறுமுறை அந்தத் தெருவாலும் போகமாட்டாள்.

பலர் சேர்ந்து பணியாற்றும் ஓர் உளவளத்துணை நிலையத்தில் ஊழியர்களின் மனநிலை எப்படி இருக்கிறது என்பது அலுவலகத்தின் உள்வீட்டு விவகாரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது அந்தச் சகோதரியின் ஹக்கு. நிலையத்தின் தலைவர் தம் ஊழியரை நடத்தும் விதம், ஊழியர் வழியாக வந்து, அந்தக் கதிரையில் அமர்ந்திருப்பவளைச் சென்றடைகிறது. இம்மாதம் இதுபற்றிச் சிறிது சிந்திப்போமா?

களைப்பு எங்கிருந்து வருகிறது?

1974 ஆம் ஆண்டு ஹேர்பேட் புரொய்டன்பேர்கர் என்ற மனநல நிபுணர், நியூயோர்க்கில் இலவச சிகிச்சை நிலையமொன்றில் தொண்டாற்றியவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மிகுந்த ஆர்வத்தோடு வந்தவர்களே சில மாதங்களில் எண்ணெய் வற்றிய விளக்குப் போல் ஆகிவிடுவதை அவர் கண்டார். பின்னர் கிறிஸ்டினா மஸ்லாக் என்ற பெண் ஆய்வாளர் இந்நிலையின் மூன்று அடையாளங்களை எடுத்துக் காட்டினார். ஒன்று, மனம் வற்றிப்போதல். இரண்டு, உதவி தேடி வருபவரை ஒரு மனிதராகப் பார்க்காமல் ஓர் இலக்கமாக, ஒரு கோவையாகப் பார்க்கத் தொடங்குதல். மூன்று, "நான் செய்வதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை" என்று எண்ணுதல்.

இவற்றுள் இரண்டாவதே மிக ஆபத்தானது. "அந்தப் பன்னிரண்டு மணிக் கேஸ் வந்திட்டுதா?" என்று ஓர் ஊழியர் கேட்கத் தொடங்கினால், அவரைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசிவிடாதீர்கள். காயம் பட்ட தோல் காய்த்துப் போவது போல, அவரது மனமும் தன்னைக் காத்துக்கொள்ளக் காய்த்துப் போயிருக்கிறது.

"ஈமான் பலமாக இருந்தால் இந்தக் களைப்பு வராது" என்று சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. ஸஹீஹுல் புகாரியில் பதிவான ஒரு சம்பவத்தை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். ஸல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றபோது, முதலில் அவர்களது கண்ணில் பட்டது வீட்டுப் பெண்மணியான உம்முத் தர்தா (ரலி) அவர்களின் கவனிப்பாரற்ற கோலம்தான். விசாரித்தபோது, கணவர் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருப்பது தெரிய வந்தது. ஸல்மான் (ரலி) அவர்கள் அவரை உண்ணவும் உறங்கவும் வைத்து, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமைகள் இருப்பதை உணர்த்தினார்கள். அது சரியென நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள். வணக்கத்திலேயே அளவு தேவையென்றால், பிறர் துயரைச் சுமக்கும் தொழிலில் அளவு வேண்டாமா?

விருந்து வைத்தால் போதுமா?

ஊழியர்கள் சோர்ந்து போனால் பெரும்பாலான நிர்வாகங்கள் செய்வது என்ன? நுவரெலியாவுக்கு ஒரு சுற்றுலா; ஆண்டிறுதியில் ஒரு புரியாணிச் சாப்பாடு; சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ். இவை நல்லவைதாம். ஆனால் திங்கட்கிழமை காலை அதே சுமை, அதே நிலுவை, அதே ஏச்சு காத்திருந்தால் சுற்றுலாப் படங்களைப் பார்த்து யார் ஆறுதலடைவார்?

உலக சுகாதார அமைப்பு 2019 ஆம் ஆண்டு தனது நோய் வகைப்பாட்டில் இக்களைப்பைப் பற்றிக் குறிப்பிட்டபோது, அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலைத்தலத்தில் நீடிக்கும் அழுத்தம் உரியவாறு கையாளப்படாததால் ஏற்படும் நிலை என்றே விளக்கியது. மஸ்லாக் அவர்களும் அவரது சக ஆய்வாளர் மைக்கல் லைட்டரும் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: வேலைப் பளு, தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை, கைம்மாறு, சக ஊழியர்களின் உறவு, நீதி, நம்பும் கொள்கை. மருந்து தேவைப்படுவது பெரும்பாலும் ஊழியருக்கல்ல, வேலை ஒழுங்குக்கே என்பது இதிலிருந்து விளங்கும்.

முதலில் கணக்கு

ஒரு சந்திப்பு ஐம்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏழு பேர் என்றால் கேட்பதற்கு மட்டும் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம் போய்விடும். குறிப்பெழுத எப்போது? லுஹர் தொழ எப்போது? ஒரு மிடறு தேநீர் குடிக்க எப்போது? அழுது சென்றவரின் நாற்காலி ஆறுவதற்குள் அடுத்தவர் வந்து அமர்வார். எனவே இரு சந்திப்புகளுக்கிடையே சிறிது இடைவெளி விடுவதும், கடினமான கதைகள் ஒருவருக்கே தொடர்ந்து போகாமல் பங்கிடுவதும் சலுகையல்ல, நீதி. அடிமைகளாகவும் பணியாட்களாகவும் இருந்தவர்களைச் சகோதரர்கள் என்று அழைத்து, சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்த வேண்டாமென்றும், சுமத்தினால் கூடநின்று உதவுமாறும் பணித்தார்கள் நபி (ஸல்) அவர்கள்.

அடுத்தது சம்பளம். கட்டணம் பெறும் நிலையங்களில், வருவதாகச் சொன்னவர் வராமல் விட்டால் அந்த மணித்தியாலத்துக்கு உளவளத்துணையாளருக்கு ஒன்றுமில்லை என்ற வழக்கம் சில இடங்களில் உண்டு. அவர் வந்து காத்திருந்தாரே, அந்த நேரம் யாருடையது? இதை ஆரம்பத்திலேயே பேசி எழுத்தில் வைத்துக்கொள்வது மனக்கசப்பைத் தவிர்க்கும். "ஸவாபுக்காகச் செய்கிறோம்" என்று சொல்லிக் கொடுப்பனவைத் தாமதிப்பதும் கூடாது. கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நமது. 1284 ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் அமைத்த புகழ்பெற்ற வைத்தியசாலையில் ஏழைக்கும் இலவசமாகவே சிகிச்சை கிடைத்தது. ஆனால் வைத்தியரும் பணியாளரும் இலவசமாக வேலை செய்யவில்லை. அவர்களது சம்பளத்துக்காக வக்பு வருமானம் ஒதுக்கப்பட்டிருந்தது. சுனாமிக்குப் பின் நமது கிழக்குக் கரையோரத்தில் தொடங்கிய எத்தனையோ உளநலச் செயற்திட்டங்கள் வெளிநாட்டு நிதி முடிந்ததும் நின்று போயின. ஊழியரின் சம்பளத்துக்கு நிலையான வழி தேடாத தர்மம் நீடிப்பதில்லை என்ற பாடத்தை நாம் இனியாவது படிக்க வேண்டும்.

பாரத்தை இறக்கிவைக்க ஓரிடம்

உளவளத்துணையாளர் கேட்பதெல்லாம் அமானிதம். கணவரிடமும் சொல்ல முடியாது. தாயிடமும் சொல்ல முடியாது. அப்படியானால் அந்தப் பாரம் எங்கே போகும்? 1950 களில் லண்டனில் மைக்கல் பலின்ட் என்ற மருத்துவர் குடும்ப வைத்தியர்களைச் சிறு குழுவாக அமரச் செய்து, தம் மனதைக் குழப்பிய நோயாளர் பற்றிப் பேச வைத்தார். "நோயாளிக்கு என்ன நோய்?" என்பதோடு, "அவரைக் கண்டபோது உங்களுக்குள் என்ன நடந்தது?" என்பதும் அங்கே பேசப்பட்டது. இன்றும் பல நாடுகளில் அத்தகைய குழுக்கள் இயங்குகின்றன.

நமது நிலையங்களிலும் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இதற்கென ஒதுக்கலாம். பெயர், ஊர், அடையாளம் எதுவும் வெளிப்படாமல், அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளரின் முன்னிலையில் பேச வேண்டும். அந்த மேற்பார்வையாளர் சம்பளத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிப்பவராக இல்லாதிருப்பது நல்லது. பயமிருக்கும் இடத்தில் உண்மை வாய்திறக்காது.

பிழை சொன்னால் என்ன நடக்கும்?

ஏமி எட்மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990 களில் வைத்தியசாலைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல ஒற்றுமையுள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்த்தார். பதிவேட்டிலோ அவர்களின் தவறுகளே அதிகமாக இருந்தன. நுணுகிப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. நல்ல குழுவினர் தவறை மறைக்காமல் பேசினார்கள். மற்றவர்கள் பயத்தில் மூடி மறைத்தார்கள்.

"தற்கொலை எண்ணம் உண்டா என்று அவரிடம் நான் கேட்கத் தவறிவிட்டேன்" என்று ஓர் இளம் உளவளத்துணையாளர் அன்றே வந்து சொல்ல முடிந்தால், அன்றே அழைத்துப் பேசி ஓர் உயிரைக் காக்கலாம். சொன்னால் ஏச்சு விழும் என்று அவர் அஞ்சினால்?

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயது முதல் பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். செய்ததற்காகவோ செய்யாமல் விட்டதற்காகவோ ஒருநாளும் சீறி விழுந்ததில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். உஹதுப் போருக்கு முன் நடந்த ஆலோசனையில், வெளியே சென்று போரிடுவோம் என்று பலர் விரும்பினர். போர்க்களத்தில் சிலர் நின்ற இடத்தை விட்டு அகன்றனர். பெரும் இழப்பும் நேர்ந்தது. அதன் பின் இறங்கிய ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159 ஆம் வசனம், அவர்களை மன்னிக்கும்படியும் அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோரும்படியும், மீண்டும் அவர்களோடு ஆலோசிக்கும்படியும் நபியவர்களுக்குக் கட்டளையிட்டது. பிழை விட்டவர்களை மஷூராவிலிருந்து தள்ளிவைக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நிர்வாகிகள் ஒவ்வொருவரும் மேசைக்கு மேல் எழுதி வைக்க வேண்டிய பாடம் இது.

மஷூரா என்பது முடிவெடுத்துவிட்டுக் கையொப்பம் வாங்குவதல்ல. நேர அட்டவணை மாறப் போகிறதா? முதலில் ஊழியரைக் கேளுங்கள். வாசலில் பெயர் பதியும் சகோதரியையும் தேநீர் தரும் தாத்தாவையும் சேர்த்துக் கேளுங்கள். வருபவர் முதலில் காண்பது அவர்களது முகத்தைத்தானே! கூட்டத்தில் சொல்ல முடியாதது சமையலறையில் புறமாக மாறும். புறம் பேசாதீர்கள் என்று பயான் செய்தால் மட்டும் அது நிற்காது; நேரே சொல்ல ஒரு வாசலையும் திறந்து வைக்க வேண்டும்.

உங்கள் பங்கு என்ன?

"நாங்கள் வீட்டிலிருப்பவர்கள், இது எங்களுக்கெதற்கு?" என்று கேட்கிறீர்களா? உங்கள் மகளோ மருமகளோ மச்சியோ இத்தொழிலில் இருக்கலாம். பிரதேச செயலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் இப்பணி செய்யும் நமது பெண்கள் இருக்கிறார்கள். அவள் மாலையில் முகம் வாடி வந்தால் "இன்றைக்கு யார் வந்தது? என்ன கதை?" என்று துருவாதீர்கள். "சாப்பிட்டியா மகள்?" என்று கேளுங்கள். அரை மணித்தியாலம் அவளைத் தனியே விடுங்கள். அவள் மௌனம் உங்கள் மீதான கோபமல்ல; பிறருடைய அமானிதம்.

அயலில் அப்படி ஒருவர் இருந்தால், "ஒரு சின்ன விசயம்" என்று இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் அழைக்காதீர்கள். அவசரமல்லாவிட்டால் நிலையத்தின் நேரத்தில் செல்லுங்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே அறிவியுங்கள். பலன் கிடைத்தால் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். "என்னால் பயனில்லை" என்று சோர்ந்திருக்கும் ஒருவரை அந்த ஒரு வார்த்தை இன்னும் ஒரு வருடம் அப்பணியில் நிறுத்தி வைக்கும். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் மாதர் சங்கங்களிலும் உங்கள் கணவரோ நீங்களோ இருந்தால், கட்டடத்துக்கு நிதி திரட்டும்போது அதனுள் அமர்ந்து கேட்பவரின் சம்பளத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

இனி ஒருநாள் துணிந்து அந்தக் கதவைத் தட்டும் சகோதரிக்கு, நிமிர்ந்து பார்க்கும் கண்ணும் ஆறியிருக்கும் மனமும் உள்ள ஒருவர் எதிரே இருக்க வேண்டும். பிறர் துயரைக் கேட்டுத் துணைநிற்கும் அனைவரின் உள்ளங்களையும் அல்லாஹ் வலுப்படுத்துவானாக! அவர்களை நீதியோடு நடத்தும் தௌபீக்கைப் பொறுப்பாளர்களுக்கும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.