கிறீச்சிடும் பிரேக்

மழை ஓய்ந்த மாலைப்பொழுது. சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதை ஒன்றில் மிதிவண்டி ஒன்று வளைவை நெருங்குகிறது. ஓட்டுபவர் பிரேக்கைப் பிடித்ததும் ‘கிறீச்’ என்று பெருஞ்சத்தம் எழுகிறது. நடந்து செல்வோர் திடுக்கிட்டுத் திரும்புகின்றனர். கூச்சமடைந்த அவர், வீடு திரும்பியதும் சங்கிலிக்குப் போடும் எண்ணெயைப் பிரேக்கின் மீதும் தெளிக்கிறார். மறுநாள் சத்தம் வரவில்லை. ஆனால், பிரேக்கைப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை!

கதவுக் கீல் சத்தமிட்டால் எண்ணெய் விடுவது எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். கீலில் உராய்வு குறைய வேண்டும். பிரேக்கோ உராய்வினால் மட்டுமே வேலை செய்கிறது. அதில் எண்ணெய் பட்டால் சத்தத்தோடு வண்டியை நிறுத்தும் ஆற்றலும் போய்விடும்.

டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தின் நடுவே மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பல மிதிவண்டிகளில் அதன் விட்டம் 160 மில்லிமீட்டர். தடிமன் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. தட்டின் இருபுறமும் ‘பேட்’ எனப்படும் சிறிய உராய்வுத் துண்டுகள் உள்ளன. கைப்பிடியை அழுத்தும்போது, கம்பியின் இழுப்பாலோ குழாயில் உள்ள திரவத்தின் அழுத்தத்தாலோ, பேட்கள் தட்டை இறுகப் பற்றுகின்றன. சக்கரம் வேகம் குறைந்து நிற்கிறது.

இந்தப் பிடி சீராக இருக்கும்வரை சத்தம் பெரிதாக எழாது. தட்டில் அழுக்கோ எண்ணெய்ப் பசையோ படிந்தால், பேட் தட்டைப் பற்றும், உடனே வழுக்கும், மீண்டும் பற்றும். கண்ணிமைக்கும் நேரத்திற்குள் இது பலமுறை நிகழ்வதால் தட்டு அதிர்ந்து மணிபோல் ஒலிக்கிறது. ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலியும் இப்படிப் பிறப்பதுதான்.

ஆகவே, சத்தத்தை அடக்குவதற்கு முன், அது எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்க வேண்டும். மழையில் நனைந்த பிரேக் சற்று நேரம் கிறீச்சிட்டு, நான்கைந்து முறை பிடித்ததும் அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். பிரேக்கைப் பிடிக்காதபோதும், சக்கரம் ஒருமுறை சுழலும்போதெல்லாம் ‘ஷ்... ஷ்...’ என்று உரசினால் தட்டு வளைந்திருக்கலாம். ‘கரகர’ என்று இரும்பை இரும்பு அரைப்பதுபோல் கேட்டால் பேட்கள் தேய்ந்து தீர்ந்திருக்கக்கூடும். அந்த வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

காய்ந்த பிறகும் தொடரும் கிறீச்சொலிக்குப் பெரும்பாலும் அழுக்கே காரணம். இதைச் சரிசெய்வது கடினமன்று. ஓட்டி முடித்தவுடன் தட்டு கொதிக்கும் சூட்டில் இருக்கும். அது ஆறும்வரை தொடக்கூடாது. பின்னர்ச் சக்கரத்தைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தூய துணியால் தட்டின் இருபக்கமும் துடைக்க வேண்டும். விரலில் உள்ள எண்ணெய்ப் பசைகூடத் தட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஓரத்தை மட்டும் பிடிப்பது வழக்கம். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் கைப்பிடியை அழுத்திவிடக்கூடாது. பேட்கள் நெருங்கிவிட்டால் தட்டை மீண்டும் நுழைக்க முடியாமல் போகலாம். பேட்களின் மேற்பரப்பை மணல்தாளால் இலேசாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் ஊறிய பேட்களைச் சிலர் அடுப்பில் வாட்டிப் பார்ப்பதுண்டு. அதனால் நச்சுப் புகைதான் மிஞ்சும். புதிய பேட்களை வாங்குவதே புத்திசாலித்தனம்.

சிங்கப்பூரில் பொதுப் பாதைகளில் ஓட்டப்படும் மிதிவண்டியில் குறைந்தது ஒரு கைப்பிரேக்காவது சரியாக வேலை செய்ய வேண்டும் என்பது சட்டம். இணைப்புப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மிதிவண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 7 மீட்டரைக் கடந்துவிடும். எண்ணெய் தடவிய பிரேக்கைப் பிடித்துவிட்டு ஒரு விநாடி காத்திருப்பவருக்கு முன்னால், ஒரு குழந்தை பந்தை எடுக்கக் குனிந்திருக்கலாம்.

எண்ணெய் தெளித்தவர் கடைக்குச் சென்று பேட்களை மாற்றிக்கொண்டார். புதிய பேட்கள் உடனே முழுமையாகப் பிடிக்காது. ஆளில்லாத இடத்தில் வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மெல்ல வேகத்தைக் குறைத்து, இப்படிச் சுமார் 20 முறை செய்து அவற்றைப் பழக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். முதல் சில முறை வண்டி வழுக்கிக்கொண்டே சென்றது. பின்னர் ஒவ்வொரு முறையும் சற்று முன்னதாகவே நின்றது.