மெனுவில் லினக்ஸைக் காணோமா?

விண்டோஸும் லினக்ஸும் குடியிருக்கும் கணினியில் க்ரப் பூட்லோடரை விட்டுவிட்டு ரீஃபைண்ட் பூட் மேனேஜருக்கு மாறுகிறவர்கள் பலர். ராடரிக் ஸ்மித் என்பவர், பழைய ரீஃபிட் திட்டத்திலிருந்து கிளைபிரித்து 2012-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. கணினியில் என்னென்ன இயங்குதளங்கள் உள்ளன என்று தானே தேடி, சின்னங்களோடு மெனு போட்டுக் காட்டும். சில சமயம் அந்த மெனுவில் விண்டோஸ் மட்டும் நிற்கும். லினக்ஸ் கெர்னலைக் காணோம். டிஸ்க் போய்விட்டது என்று பதறி, லினக்ஸை அழித்து மறுபடி நிறுவத் தொடங்குகிறார்கள். அந்த வேலை பெரும்பாலும் தேவையே இல்லை. அந்த நேரத்தில் கணினிக்கு எதைப் படிக்கத் தெரியும் என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மின்விசையைத் தட்டியதும் விழித்துக்கொள்வது யு.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர். அதன் விதிமுறை கட்டாயமாகக் கேட்பது ஃபேட் கோப்பு அமைப்பு ஒன்றைத்தான். ஆப்பிள் தன் இன்டெல் மேக் கணினிகளில் கூடுதலாகச் சிலவற்றைச் சேர்த்திருக்கிறது. மற்றபடி பெரும்பாலான கணினிகளுக்கு ஃபேட்டைத் தாண்டி அதிகம் தெரியாது. லினக்ஸ் கெர்னலோ வழக்கமாக எக்ஸ்ட்4 அல்லது பி.டி.ஆர்.எஃப்.எஸ். பார்ட்டிஷனில் இருக்கிறது. 2012-இல் வந்த 3.3 பதிப்பு முதல் கெர்னலை ஃபர்ம்வேரே நேரடியாக இயக்கலாம் என்றாலும், முதலில் அந்தக் கோப்பு கண்ணில் பட வேண்டுமே! அதற்குத்தான் அந்தக் கோப்பு அமைப்பைப் படிக்கும் டிரைவர். அந்த டிரைவரும் ஃபேட் பார்ட்டிஷனில், ரீஃபைண்டின் ஃபோல்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். எக்ஸ்ட்4-இல் கொண்டுபோய் வைத்தால் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதைதான். லினக்ஸுக்குள்ளிருந்து ரீஃபைண்டின் நிறுவல் ஸ்கிரிப்டை ஓட்டினால் பொருத்தமான டிரைவரை அதுவே எடுத்து வைத்துவிடும். விண்டோஸிலிருந்து கையால் நகலெடுத்தவர்களும், பிறகு எக்ஸ்ட்4-ஐ பி.டி.ஆர்.எஃப்.எஸ். ஆக மாற்றியவர்களும்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மெனுவில் கெர்னல் இல்லாமல் பழைய க்ரப் சின்னம் மட்டும் தெரிந்தால், அதை அழுத்திப் பாருங்கள். லினக்ஸ் வழக்கம்போல எழுந்து வந்தால் டிஸ்க்கும் கெர்னலும் நலம். குறை டிரைவரில்தான் என்று ஏறக்குறைய உறுதியாகிவிடும். க்ரப்பும் இல்லையென்றால் லைவ் யு.எஸ்.பி.யில் ஏறி, கெர்னல் இருக்கும் பார்ட்டிஷன் எந்த வகை என்று பார்த்து, அதற்குரிய டிரைவர் கோப்பு இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். கோப்பு இருந்தும் வேலை செய்யவில்லையா? 64 பிட் செயலி இருந்தும் ஃபர்ம்வேர் 32 பிட்டாக உள்ள சில மலிவு டேப்லெட்டுகளில் 32 பிட் டிரைவர்தான் ஓடும். செக்யூர் பூட் இயங்கினால், கணினி நம்பும் கையெழுத்து இல்லாத டிரைவர் ஏற்றப்படாது.

இவ்வளவு பாடு எதற்கு, எல்லா டிரைவரையும் கொட்டிவிடலாமே என்பார்கள். தேவையில்லாதவை தொடக்கத்தைத் தாமதப்படுத்தும், சில கணினிகளில் அப்படியே உறைய வைத்துவிடும். கெர்னலையே ஃபேட்டுக்கு மாற்றலாம் என்பது இன்னொரு யோசனை. நல்ல வழிதான், ஆனால் விண்டோஸ் ஒதுக்கும் 100 எம்பி பார்ட்டிஷன் இரண்டு மூன்று கெர்னலுக்கே திணறும். வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: கோப்பு அமைப்புகளைப் படிக்கும் நிரல் க்ரப்பிடமே இருக்கும்போது ஏன் மாற வேண்டும்? நிரல் இருப்பது உண்மை, ஆனால் அதுவும் தனியாக எழுதப்பட்டதே. எக்ஸ்ட்4-ஐ உருவாக்கும் கருவித்தொகுப்பின் 1.47 பதிப்பு 2023-இல் ஒரு செக்சம் வசதியை இயல்பாகவே இயக்கிவிட்டது. அதை அறியாத பழைய க்ரப் பதிப்புகள் அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க மறுத்தன. நோய் ஒன்றுதான், க்ரப்பில் அது வேறு முகத்தோடு வருகிறது.

என்றாலும் எக்ஸ்.எஃப்.எஸ். பார்ட்டிஷனில் கெர்னலை வைத்திருப்பவருக்கு ரீஃபைண்டோடு வரும் டிரைவர்கள் உதவாது. முழுதும் குறியாக்கம் செய்த டிஸ்க்கை எந்தக் கோப்பு அமைப்பு டிரைவராலும் திறக்க முடியாது. இந்த இரு வகையினரும் கெர்னலுக்கென்று குறியாக்கமில்லாத ஒரு சிறு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒதுக்கலாம், இல்லையேல் க்ரப்போடே இருந்துவிடலாம்.