ஒத்த சொல்லும் ஒவ்வாத சொல்லும்

உயர்தரத் தமிழ் வகுப்பில் ஓர் ஒப்படை தந்தார்கள். வீட்டில் ஒருவர் சொன்ன அனுபவத்தை எழுதிவிட்டு, அதையே வேறு சொற்களில் திருப்பி எழுத வேண்டும். 2004 டிசம்பர் 26 பற்றி உம்மா சொன்னதை எழுதினேன். அன்றுதான் என் சாச்சி மௌத்தானார்.

"கடல் வந்தது. மக்கள் பள்ளிப் பக்கம் ஓடினார்கள். மறுநாள் சாச்சியின் ஜனாஸாவை அடக்கினோம்."

அகராதியை விரித்து வைத்துக்கொண்டு மாற்றினேன்.

"ஆழி வந்தது. கூட்டம் பள்ளிப் பக்கம் ஓடினார்கள். மறுநாள் சாச்சியின் சடலத்தைப் புதைத்தோம்."

மூன்றாவது வரியில் உம்மா தாளைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு பொருள் தரும் பல சொற்களைத் தொகுக்கும் வழக்கம் தமிழில் பழையது. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் அதற்காகவே எழுந்தவை. அந்தக் காலத்து மாணவர்கள் அவற்றை மனனம் செய்தார்கள். ஆனால் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரே சொல்லுக்குள்ள பல பொருள்களையும் சொல்கிறது. நான் பார்க்கத் தவறியது அந்தப் பக்கத்தைத்தான். ஆழி என்றால் கடல். சக்கரமும் மோதிரமும்கூட ஆழிதான். மேலும், எங்கள் கரையில் "கடல் வந்த அண்டைக்கு" என்றால் எந்த நாள் என்று யாரும் கேட்பதில்லை. "ஆழி வந்த அன்று" என்றால் கேட்பார்கள்.

"கூட்டம் ஓடினார்கள்" வெறும் இலக்கணப் பிழை. மக்கள் உயர்திணை, கூட்டம் அஃறிணை. "ஓடியது" என்று திருத்தினேன். உடனே அடுத்த வசனத்தில் இருந்த "அவர்களில் சிலர்" யாரைச் சுட்டுகிறது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. ஒரு சொல்லை அசைத்தால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வினையும் சுட்டுப்பெயரும் சேர்ந்தே அசைகின்றன.

சடலம் என்பதில் பொருட்பிழை இல்லை. நோன்பும் விரதமும் அகராதியில் ஒன்றுதான். ஆனாலும் "ரமழான் விரதம்" என்று நம் வீடுகளில் யார் சொல்கிறார்கள்? ஜனாஸா என்ற சொல்லுக்குள் குளிப்பாட்டலும் கபனும் தொழுகையும் இருக்கின்றன. சடலம் பொலிஸ் செய்தியில் வருவது.

இரண்டாம் முறை அகராதியை மூடிவிட்டேன். முதற் பிரதியையும் பார்க்கவில்லை. சொல்லை விட்டு வசனத்தை மாற்றினேன்:

"பள்ளியை நோக்கி ஓடிய மக்களுக்குப் பின்னால் கடல் வந்தது. சாச்சியின் ஜனாஸாவை மறுநாள்தான் அடக்க முடிந்தது."

கடல், ஜனாஸா, அடக்கம் மூன்றும் அப்படியே இருந்தன. உம்மா கடைசி வரை வாசித்தார்.

"சாச்சிட செருப்பு பள்ளி வாசலடியில கிடந்தத நீ எழுதல்லயே மகள்" என்றார்.

அதை அவர் அதுவரை எனக்குச் சொல்லியிருக்கவில்லை.