ஜோடி அமைந்தால்தான் ஆட்டம்

காவிரிக் கரையில் ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் மோகனூர்ப் பக்கம் திறந்தவெளியில் ஷட்டில் ஆட முடியாது. காக் ஒரு திசையில் போகும். அடித்தவர் வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் முப்பது வருடங்களுக்கு முன்பு ஆட்டமெல்லாம் காற்று அடங்கிய ராத்திரியில்தான். மண் தரையில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, கம்பத்தில் டியூப் லைட் கட்டினால் கோர்ட் தயார். இறகு காக் வாங்கிக் கட்டுப்படியாகாது, நைலான் காக்தான்.

அங்கே சிங்கிள்ஸ் என்ற பேச்சே கிடையாது. கோர்ட் ஒன்று, காத்திருப்பவர்கள் பத்துப் பேர் என்றால் இரண்டு பேர் மட்டும் ஆடுவதை யார் பொறுப்பார்கள்? கணக்கு 15 பாயின்ட். சர்வீஸ் போடும் ஜோடிக்குத்தான் பாயின்ட். ஒருவர் சர்வீஸை இழந்தால் ‘செகண்ட் சர்வீஸ்’ கூட்டாளியின் கைக்குப் போகும். விட்டதை அவர் பிடித்துக் கொடுக்க வேண்டும். 2006இல் ராலிக்கு ஒரு பாயின்ட், கேமுக்கு 21 என்று விதி மாறியதும் அந்தச் செகண்ட் சர்வீஸ் போய்விட்டது.

அன்று நன்றாக ஆடினால் காலேஜ் டீம், மிஞ்சினால் யூனிவர்சிட்டி, அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை. பெண்கள் கோர்ட்டுக்கு வருவது அபூர்வம். கையிலோ காலிலோ குறை உள்ள பையன் வந்தால், ஸ்கோர் சொல்ல உட்கார வைத்துவிடுவார்கள்.

இன்று மேட் விரித்த உள்ளரங்கக் கோர்ட்டுகள் வந்துவிட்டன. மணிக்கணக்கில் வாடகை. நாலு பேர் பங்கு போட்டால்தான் கட்டும் என்பதால் இப்போதும் டபுள்ஸ்தான். ஆனால் ஸ்கோர் சொல்ல உட்கார வைத்த காலம் மலையேறிவிட்டது. நாமக்கல்லிலிருந்து மோகனூர் வரும் சாலையில், லத்துவாடியில் இருக்கிறது கால்நடை மருத்துவக் கல்லூரி. அங்கே படித்தவர்தான் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன். அப்பாவே முதல் பயிற்சியாளர். துளசிமதிக்கு இடது கையில் குறைபாடு. பேட் பிடிக்காத கைதானே என்று தோன்றும். சர்வீஸ் போடக் காக்கைப் பிடிப்பதும், எம்பி அடிக்கும்போது உடம்பைச் சமன்படுத்துவதும் அந்தக் கைதான்.

2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டில் அவருக்குச் சிங்கிள்ஸில் தங்கம். மானசி ஜோஷியோடு மகளிர் டபுள்ஸில் வெள்ளி. நிதேஷ் குமாரோடு கலப்பு டபுள்ஸில் வெண்கலம். டபுள்ஸ் இரண்டும் எஸ்.எல்.3 - எஸ்.யூ.5 பிரிவு: காலில் பாதிப்புள்ளவரும் கையில் பாதிப்புள்ளவரும் சேர்ந்து ஆடலாம். மானசி 2011இல் சாலை விபத்தில் இடது காலை இழந்தவர். சிங்கிள்ஸில் அவருக்குப் பாதி அகலக் கோர்ட். டபுள்ஸிலோ முழுக் கோர்ட். எட்டாத மூலைக்கெல்லாம் ஓட வேண்டியவர் துளசிமதி.

பாரிஸ் பாராலிம்பிக்ஸ் 2024இல் நடந்தபோது இந்த ஜோடிக்கு வேலையில்லை. டோக்கியோவில் இருந்த அந்த மகளிர் டபுள்ஸ் பிரிவு பாரிஸ் பட்டியலில் இல்லை. நிதேஷோடு ஆடிய கலப்பு டபுள்ஸ், குழுச் சுற்றோடு முடிந்தது. கைகொடுத்தது சிங்கிள்ஸ்தான்: இறுதியில் சீனாவின் யாங் சியூஷியாவிடம் 17-21, 10-21 என்று தோற்று வெள்ளி. தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் கொடுத்தது. 2024க்கான அர்ஜுனா விருதும் வந்தது.

தரை மாறியது, காசு வந்தது, மரியாதை கூடியது. டபுள்ஸ் ஆடுகிறவரின் பிழைப்பு மட்டும் இன்னும் பாதி அடுத்தவர் கையில்தான். அன்று கூட்டாளிக்கு வெளியூரில் வேலை கிடைத்தால் ஜோடி உடைந்துபோகும். இன்று எங்கோ ஒரு கமிட்டி ஒரு பிரிவை எடுத்துவிட்டால் உடைந்துபோகிறது. பிள்ளையை டபுள்ஸில் இறக்கும் பெற்றோர், நல்ல கூட்டாளியைத் தேடுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. சிங்கிள்ஸையும் கைவிடாமல் ஆட வைக்க வேண்டும்.